கஞ்சி போட்ட நாலு பருவம்

உதவி செய்யப் போய் ஒரு நாட்டின் பருவகாலத்தையே மாற்றி வைத்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, என் மனைவி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

நாற்பத்தேழாம் வருஷம். ஆர்.கே.பேட்டையில் எங்களுக்குத் தறி. திருத்தணியில் இருந்த மாமாவின் மகள் ராஜம்மாவை எனக்குக் கேட்டிருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகும் மாமாவுக்கு அரை மனசு. (நான் அவசரக்காரன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அந்த யாரோ என் அம்மாதான்.)

அவருடைய மூத்த மகன், எனக்குப் பாவா, அதாவது மச்சான், ஜப்பானில் முகாம் போட்டிருந்த பட்டாளத்திலிருந்து திரும்பும்போது ஒரு காகித ஓவியச் சுருள் கொண்டுவந்தார். எட்டு முழம். வலது பக்கத்திலிருந்து பிரித்தால் முதலில் இளவேனில் பூக்கள், அப்புறம் கோடைக் குளம், பிறகு இலையுதிர்கால நாணல், கடைசியில் பனி. எல்லாவற்றிலும் பறவைகள். நிச்சயதார்த்தத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டும், அதுவரை வீட்டுப் பிள்ளைகள் கையில் படக் கூடாது என்று என்னிடம் கொடுத்தார்.

"ஒரு முழம் பிரிச்சிப் பாரு. பாத்தத சுருட்டிகினே அடுத்த முழத்துக்குப் போ. முழுசா விரிச்சிடாத."

"ஆங், சரிங்க பாவா."

மாமா குறுக்கே வந்தார். "இத பத்ரமா கொணாந்து குடுக்கட்டும். மத்தத அப்பறம் பேசலாம்."

மற்றது என்றால் ராஜம்மா.

வீட்டில் பிரித்தேன். கையை எடுத்ததும் சுருண்டுகொண்டது. நெசவுக்காரன் கண்ணுக்கு அது பெரிய குறை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் விறைப்பாக நிற்க நாங்கள் அதைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தேய்ப்போம். அதையே செய்தேன். முதுகுப் பக்கம்தான் தேய்த்தேன் (அந்த அளவுக்கு அறிவு இருந்தது).

தாள்களை ஒட்டித்தான் அந்த நீளத்தைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஈரத்தில் பழைய பசை ஊறி, நாலு பருவமும் நாலு துண்டாகப் பிரிந்து விழுந்தன. கையில்தான் கஞ்சி இருக்கிறதே என்று துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் மறுபடி ஒட்டினேன். கவிழ்ந்து கிடக்கும் தாளில் எது பனி, எது பூ என்று யாருக்குத் தெரியும்? காய்ந்ததும் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு சுருட்டினேன் (பொய்யில்லை).

நிச்சயதார்த்தத்தன்று, மாமா வீட்டில் உறவுக்காரர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, பாவா பிரித்தார். கஞ்சி விறைப்பில் சுருள் அப்பளம் மாதிரி மொடமொடத்தது. பூவைக் காணோம், முதலிலேயே கோடைக் குளம். அதை ஒட்டிப் பனி. அந்த ஓவியன் தாளும் தாளும் சேரும் இடத்தில் எல்லாம் ஒரு பறவையை வரைந்திருந்தான் போலும். இப்போது அங்கே பனிப் பக்கம் முன்பாதி கொக்கு, குளத்துப் பக்கம் பின்பாதி மீன்கொத்தி.

பாவா தலையில் கை வைத்துக்கொண்டார். ராஜம்மா கை நழுவிப் போனாள் என்றே நினைத்தேன். பெயர் தெரியாத அந்த ஓவியனை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

மாமா வாயைத் திறக்குமுன் கதவோரம் நின்ற ராஜம்மா சொன்னாள்:

"பாவம் நைனா அந்தப் பறவ. தலைக்குக் குளுரு, வாலுக்கு வெயிலு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. கடைசியாகப் பாவாவும் சிரித்தார்.

மாமா மட்டும் சிரிக்காமல் ஒட்டுப் போட்ட இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். "ஒட்னது ஒட்னதுதான், பிரியாது. பொண்ண குடுக்கலாம். ஆனா பொருளு எதுவும் இவன் கையில குடுக்காதீங்க."

தாலியைக்கூடக் கடைசி நொடியில்தான் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கும் தை மாதத்தில் பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டால், கொடியில் காயும் துணிகளை வாரிக்கொண்டே ராஜம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"இதையும் நீங்கதான் ஒட்னீங்களா?"