சித்திரை மாதத்துப் பனி

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பனி. மாதம் சித்திரை, ஊர் நாமக்கல். வண்டி கிளம்பும் முன் கேபினில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது லாரி வைத்திருக்கும் என் வழக்கம். முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. பனியில்லை, அழுக்கு என்று முடிவு செய்தேன். (முடிவெடுப்பதில் நான் எப்போதும் வேகம்.)

"காதர், கண்ணாடி தொடச்சு எத்தன நாளாச்சு?"

"இப்பத்தானுங்க தொடச்சேன், அக்கா."

பதினோரு வருடமாக எங்கள் வண்டியை ஓட்டும் டிரைவர். பொய் சொல்லத் தெரியாதவர். அன்று எனக்குப் பொய்யராகத் தெரிந்தார்.

ஒரு வாரம் தினமும் இதே வழக்கு. காதர் ஷாம்பு போட்டுக் கழுவினார், பழைய பேப்பரால் தேய்த்தார். கண்ணாடியே மங்கிவிட்டது என்று புதிது மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள். ஏறி உட்கார்ந்தேன். அதே பனி.

"புதுசையும் நாசம் பண்ணியாச்சா? சாவியக் குடுங்க. நாளைக்கு வர வேண்டாம்" என்றேன். மெக்கானிக்கோடு சேர்த்து நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காதர் சாவியை என் கையில் வைத்தார். "கடைசியா ஒண்ணுங்க அக்கா. வலது கண்ண மூடிட்டுப் பாருங்க."

மூடினேன். எதிரே வேப்பமரம், அதில் ஒரு காக்கை, கீழே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் மெக்கானிக்.

இரண்டு வருடம் முன்பு கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தது அந்த வலது கண்ணில்தான். ஊரெல்லாம் நான் பெருமை பேசிய கண். (டி.வி. மங்கல் என்று கேபிள்காரரைத் திட்டியதும் அதை நம்பித்தான்.)

"எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆச்சு. வாங்க, டாக்டர்கிட்ட போலாம்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்குத்தான் இப்ப வேல இல்லீங்களே."

நான் வேலையை விட்டு நிறுத்தியவரின் பைக்கில், பின்சீட்டில் உட்கார்ந்து சேலம் போனேன்.

"லென்ஸுக்குப் பின்னாடி படலம் வளந்திருக்குங்க" என்றார் டாக்டர்.

"பிளாஸ்டிக்குல எப்படிங்க வளரும்?"

"அது பிளாஸ்டிக்குல இல்லீங்க. லென்ஸை உங்க கண்ணோட பழைய உறைக்குள்ளதான் வெச்சிருக்கோம். அந்த உறைல மிஞ்சின செல்லு சிலபேருக்கு வளந்து மூடிக்கும். லேசர்ல நடுவுல ஒரு வழி விட்டாப் போதும்."

சில நிமிட வேலை. வலியில்லை.

மறுநாள் காலை அதே நான்கு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டுச் சாவியை நீட்டினேன். காதர் முகத்தில் ஒரு வாரத் தாடி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டே என் கண்ணைப் பற்றி யோசித்த மனிதர்.

"லோடுக்கு நேரமாச்சுங்க அக்கா" என்று வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் நான் யாரைக் குறை சொன்னாலும் என் மகள் சொல்லும் பதில் இப்போதும் ஒன்றுதான்: "வலது கண்ண மூடிட்டுப் பாரும்மா."

லாரியில் கழற்றிய பழைய முன்கண்ணாடி ஷெட்டில் சாய்ந்து நிற்கிறது. காதர் தினமும் அதையும் சேர்த்துத் துடைக்கிறார்.