கமர்நிசாவின் பச்சை

"இது கிளிப்பச்சை. எங்க அத்தா காரு ஏலக்காய்ப் பச்சையாச்சே," என்றாள் கமர்நிசா.

சுருளிவேல் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தான். போடியில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன் அவன். கமர்நிசாவின் தகப்பனார் கலீபுல்லாவின் ஆஸ்டின் கார், அவர் காலமான பிறகு குரங்கணித் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்து, இப்போது அவன் பட்டறைக்கு வந்திருந்தது. அதில்தான் அவள் மணப்பெண்ணாகப் போனாள். வெள்ளிக்கிழமை மகளும் அதிலேயே போக வேண்டும், அதே நிறத்தில். சுருளிவேலோ, துருவைச் சுரண்டுகிற வேகத்தில் பழைய நிறத்தையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டான்.

"நெறம் வரலைன்னா சொல்லிடுப்பா. அம்பாசடர் பிடிச்சிருவோம்," என்றார் அவள் கணவர் உதுமான்.

அந்தப் பேச்சு சுருளிவேலுக்குச் சுருக்கென்றது. குரங்கணிக்கு ஜீப் ஏறி, ஏலக்காய்க் கொத்து ஒன்று பறித்து வந்தான். அதைப் பார்த்துக் கலக்கி ஒரு கதவுக்கு அடித்தான்.

"இது செடியில நிக்கிற காயி. அத்தா வித்தது காஞ்ச காயிப்பா."

காய்ந்த காயை வைத்து அடுத்த கதவுக்கு அடித்தான். உதுமான் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, காருக்கு மஞ்சக்காமாலையா?"

வெயிலில் ஒரு பச்சை, நிழலில் ஒரு பச்சை. வியாழக்கிழமை மதியம் நாலு கதவும் நாலு நிறமாக நின்றன. டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

நொந்துபோன சுருளிவேல் முன்விளக்கைக் கழற்றினான். அதன் பின்னால், வெயிலே படாத இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழைய பச்சை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கலக்கினான். நீலம் ஒரு சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு. பக்கத்தில் தடவினான். எது பழசு, எது புதுசு என்று அவனுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கமர்நிசா காரைத் தடவியபடி அழுதாள்.

"இதேதாம்ப்பா. இதேதான்."

உதுமான் அவன் தோளைத் தட்டினார். "ஜெயிச்சுட்டப்பா."

மணப்பெண் ஏறினாள். தெருவே திரண்டு நின்றது. சுருளிவேல் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சீமையில அடிச்ச நெறம்ங்க. நூல் பிசகாம கொண்டாந்திருக்கேன்."

கலீபுல்லாவின் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் மொக்கம்மாள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சீமையாவது? காரு வந்தப்ப சாம்பக் கலரு. கடைக் கதவுக்கு அடிச்ச பச்சை மிஞ்சிப்போச்சுன்னு பெரியவரு லைட்டெல்லாம் கழட்டி இதுக்கும் அடிக்கச் சொன்னாரு. கேட்டிருந்தா கடையில கெடக்குற டப்பாவையே கொண்டாந்திருப்பேனேப்பா."