காட்டுக்குச் சொந்தக்காரர்

குருசுமுத்துவுக்குக் கோபம் வந்தால் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் பாதிச் சனத்துக்குக் கேட்கும். மனைவி விக்ரோரியாவுக்கு மட்டும் கேட்காது. அன்று அவரை ஒரு வார்த்தை கேளாமல் அவருடைய சாய்கதிரையைத் தன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கத்தினார். “தம்பிக்கு நாரி நோகுது, குனிய நிமிர ஏலாது” என்றாள், வெங்காயம் வெட்டியபடி. அவ்வளவுதான்.

அப்போதே சபதம் எடுத்தார். தன் சொல் செல்லுகிற இடம் ஒன்று இந்த உலகத்தில் வேண்டும். வீட்டில் எலி, வேலையிடத்திலும் எலி. காட்டிலாவது புலியாக இருக்கவேண்டும்.

புதன்கிழமைப் பின்னேரங்களில் விக்ரோரியா கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்துக் கணினியில் வேட்டைக்காணி தேடினார். மான் வருகிற காடு ஒன்று கிடைத்தது. கையெழுத்து வைத்து, பச்சைச் சட்டையும் தொப்பியும் வாங்கிய பிறகுதான் வீட்டில் வாய் திறந்தார்.

“நான் காடு வாங்கிப்போட்டன்!”

“என்னைக் கேக்காமலோ?”

“கதிரையை என்னைக் கேட்டோ குடுத்தனீ?”

அவள் சண்டைக்கு வரவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“காட்டில என்ன செய்யப்போறியள்?”

“மான் சுடப்போறன்.”

“லைசென்ஸ்?”

“என்ன லைசென்ஸ்? மட்டக்களப்பில தன்ர தோப்பில தேங்காய் பிடுங்க எவன் லைசென்ஸ் எடுத்தவன்?”

“மான் தேங்காயில்லையப்பா.”

“காணி என்ர பேரில! ஒருத்தனும் எனக்குச் சட்டம் சொல்ல ஏலாது!”

வேட்டைக்காலம் தொடங்கிய அன்று காலை, இருவரும் காட்டில் போய்க் காரைவிட்டு இறங்க, பக்கத்துக் காணிக்காரர் றொபேட் வந்து சட்டம் சொன்னார். “காடு உங்களுடையதுதான். ஆனால் படித்துச் சோதனை பாஸ் பண்ணாதவர் வேட்டையாட முடியாது.”

குருசுமுத்து கொதித்தார். நாட்டைத் திட்டினார், றொபேட்டைத் தமிழில் திட்டினார், ஒரு பாவமும் அறியாத மானையும் திட்டினார். விக்ரோரியா காரின் பின்கதவைத் திறந்து, உறையிலிருந்து மான் சுடுகிற துவக்கு ஒன்றை எடுத்தாள்.

“உனக்கு... எப்பிடி?”

“புதன்கிழமையில படிச்சுப் பாஸ் பண்ணினனான்.”

“அது பாட்டு வகுப்பெல்லோ!”

“ஒரு வருசமா ஒரு பாட்டாவது என்ர வாயில கேட்டனீங்களோ? நீங்கள் காடு தேடினதெல்லாம் கணினியிலயே கிடந்தது; அதைக் கண்டவுடன பாட்டை விட்டிட்டு இதில சேர்ந்தனான்.”

ஏமாந்த ஆத்திரத்தில் காடே அதிர ஒரு கத்துக் கத்தினார். அடுத்த புதருக்குள்ளிருந்து மானொன்று பாய்ந்து ஓடியது. றொபேட்டின் முகம் மலர்ந்தது. “மானைக் கலைத்துவிட இப்படி ஒரு ஆள்தான் தேவை. இதற்கு லைசென்ஸ் வேண்டாம்!”

பச்சைச் சட்டைக்கு மேலே செம்மஞ்சள் அங்கி ஒன்றை மாட்டி, கையில் தடியும் கொடுத்தார்கள். சொந்தக் காட்டில், முள்ளுக்குள்ளே, குருசுமுத்து கத்திக்கொண்டு நடந்தார். உயரத்தில் மரத்தோடு கட்டியிருந்த வேட்டைக் கதிரையில் சாய்ந்திருந்தபடி விக்ரோரியா குரல் கொடுத்தாள்:

“இஞ்சேருங்கோ, சத்தம் காணாது! வீட்டில கத்துற மாதிரிக் கத்துங்கோ!”