பத்துக்கு ஆறு

எனக்கு எதிலும் சந்தேகம் ஜாஸ்தி. பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தால்கூட டிக்கெட்டை இரண்டு முறை புரட்டிப் பார்ப்பேன். ஆனால் ஒரு நாள் பட்ட சந்தேகத்துக்கு மட்டும் இன்றுவரை அனுபவிக்கிறேன்.

தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் தகவல் தொடர்புத் திறன் பாடம் எடுக்கிறேன். கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஏஐயிடம் கேட்டு எல்லோரும் ஒரே கட்டுரையைக் கொண்டுவந்தார்கள். அதனால் புதுமையாக (என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டு) ஓர் அசைன்மென்ட் கொடுத்தேன். ஏஐயில் ஒரு குரலை உருவாக்கி, வேறு ஆளாக எனக்கு போன் செய்து என்னை நம்பவைக்க வேண்டும். முதல் நாளே பிரின்சிபால் குரலில் அழைப்பு. அலறியடித்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். அவர் நிம்மதியாக முறுக்கு தின்றுகொண்டிருந்தார். இனி எந்தக் குரலையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம்தான் மொரப்பூரிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் பதிலுக்காகத் தவித்துக்கொண்டிருந்தேன் (வகுப்புக்கே தெரியும்). அப்போது தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"கண்ணு, நான் மொரப்பூர்ல இருந்து பையனோட அம்மா பேசறேன். வூட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

இதிலுமா விளையாடுவார்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கதை நல்லாத்தான் இருக்கு. எங்க, கொஞ்சம் இருமிக் காட்டு."

"இருமணுமா?" பாவம், இருமினார்.

"இருமல்ல உயிரே இல்ல." பின்னால் குக்கர் விசில் அடித்தது. "இந்தக் குக்கர் சத்தமெல்லாம் ஓவர். பத்துக்கு ஆறு. ரோல் நம்பர் சொல்லு."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல்.

"மேடம், அவங்க நெஜமாவே எங்கம்மாங்க. அன்னிக்கு என் சட்டையில காப்பியைக் கொட்டினீங்களே, நான்தாங்க பேசறேன்."

காப்பி விஷயம் எந்த ஏஐக்கும் தெரியாது. கல்யாணம் போயே போச்சு என்று ஸ்டாஃப் ரூமிலேயே அழுதேன்.

சாயங்காலம் அந்த அம்மாவே என் அப்பாவுக்கு போன் செய்தார். "எங்க வூட்டுக்காரரு யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லிடறாருங்க. எங்களுக்கு இந்த மாதிரி சந்தேகப்படற பொண்ணுதாங்க வேணும்" என்றாராம்.

இப்போது அவர் என் மாமியார். எனக்கு போன் செய்தால் முதலில் இருமிவிட்டுத்தான் பேசுவார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். விருந்தாளிகள் எதிரிலேயே என் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பத்துக்கு ஆறு" என்கிறார். இதுவரை ஆறரைகூட வாங்கியதில்லை.