தொண்ணூற்றொன்பது சதவீதம்

பெண்டாட்டி சண்டை போட்டால் சமாளித்துவிடலாம். சும்மா சிரித்துக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. சாஃப்ட்வேர்க்காரர் வீட்டில் சில நாளாக ஒரே சிரிப்பு.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்தாள். எந்த உடுப்புக்கு எவ்வளவு துணி என்று கணக்குச் சொல்லும் ஒரு புரோகிராம் எழுதிப் பார்க்க அவளுக்கு ஆசை. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் அதற்கு வேண்டிய லைப்ரரி என்ற துணைப் புரோகிராம்களும் போட்டுக் கொடுங்களேன் என்றாள்.

"அது என்ன, ஊசியில நூல் கோக்கிற வேலையா? ஒண்ணைப் போட்டா இன்னொண்ணைக் கேக்கும். அதைப் போட்டா முதல்ல போட்டது கோவிச்சுக்கும். பக்கத்துலயே ஆள் உக்காந்து பாத்துக்கணும்!"

அன்றிலிருந்து, சாப்பிட்ட கையோடு அவர் கம்ப்யூட்டருக்குக் காவல். பாத்திரம் தேய்ப்பது அவள் தலையில்.

உண்மையில் அங்கே ஒரு மண்ணும் இறங்கவில்லை. வெறுமனே சதவீதம் காட்டும் போலிப் புரோகிராம் ஒன்றை அவரே எழுதி ஓட விட்டிருந்தார். தொண்ணூற்றொன்பது வரை ஏறும். அங்கிருந்து தடாலென்று பன்னிரண்டுக்கு விழும். வீட்டு வேலைக்குக் கை கொடுக்காததை எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் குத்திக்காட்டியபோது, "இது முடியட்டும் டீச்சர், அன்னியிலிருந்து எங்க வீட்டு அடுப்படியே என் பொறுப்பு!" என்று மார்தட்டினார். முடிந்தால்தானே?

ஆனால் இப்போது மனைவி முணுமுணுப்பதே இல்லை. முதுகுக்குத் தலையணை வைக்கிறாள். கேட்காமலே டீ வருகிறது.

"உனக்கு என் மேல கோவமே இல்லையா?"

"பாவம், எனக்காகத்தானே கஷ்டப்படுறீங்க."

டீயை மோந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வலுத்தது. அவள் குளிக்கப் போன நேரம் தையல் மெஷின் டிராயரைத் துழாவினார். பொத்தான்களும் சாக்குக்கட்டியும்தான் அகப்பட்டன.

"டீச்சர் வீட்டுக்கு எதுக்கு அடிக்கடி போற?"

"அளவெடுக்க."

"தினமுமா?"

"இளைச்சுக்கிட்டே வர்றாங்களே."

ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். டீச்சர் கொஞ்சமும் இளைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் டீச்சர் தைத்த துணி வாங்க வந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. பன்னிரண்டை எதிர்பார்த்து சாஃப்ட்வேர்க்காரர் சோம்பல் முறித்தார். நூறு வந்தது. 'எல்லாம் முடிந்தது' என்ற வரியும் வந்தது.

"ஐயோ, இது எப்படி முடியும்?"

"ஏங்க, முடியக்கூடாதா?"

"இல்ல... இது முடியவே..."

"முடியவே?" என்று டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தார்.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அடுப்படி. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

"நெட் நல்லா இருந்திருக்கும்" என்று வழிந்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பாத்திரத்தோடு அவர் மல்லுக்கட்டுகையில் மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

"டீச்சர் தன் கம்ப்யூட்டர் கிளாஸ் பசங்களுக்குக் கொடுக்கிற ஃபைல் ஒண்ணு கொடுத்தாங்க. ஒரே பட்டன். டீ கொதிக்கிறதுக்குள்ள லைப்ரரியெல்லாம் ஏறிடுச்சு. நீங்க ஆபீஸ்ல இருந்தப்போ, முதல் வாரமே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"தினமும் டீச்சர்கிட்ட பாடத்துக்குப் போனேன். கத்துக்க ஒரு சின்ன புரோகிராம் வேணும்னாங்க. வீட்டுல உங்களோடதுதான் இருந்துச்சு. வரி வரியாப் படிச்சேன். இன்னிக்குத்தான் பன்னெண்டை அழிச்சிட்டு நூறுன்னு எழுதி, 'எல்லாம் முடிந்தது'ன்னு ஒரு வரியும் சேர்த்தேன். முதல் தடவையே தப்பில்லாம ஓடிடுச்சுங்க! அந்தச் சட்டி அடிப்பிடிச்சிருக்கு, கொஞ்சம் அழுத்தித் தேயுங்க."