மையில் ஏறிய குரங்கு

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து ஆறு வாரம். காஜா பெராங் தெருக்களில் கட்டிய கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்குள் ஊருக்கு இன்னொரு விடுதலை வந்து சேர்ந்தது: யோசிப்பதிலிருந்து விடுதலை. கொண்டுவந்தவர் தூரப்பார்வை அப்பாசாமி. வெற்றிலையில் மை தடவுவார். உற்றுப் பார்ப்பார். நாலு மைலுக்கு அப்பாலோ கடலுக்கு அக்கரையிலோ எது நடந்தாலும் அந்த வெற்றிலைக்குள் வந்து கைகட்டி நிற்கும்.

கூட்டத்தின் செருப்புகள் நடுரோடு வரை கிடந்தன. சாமிக்கு ஒரே ஒரு விதி. கேட்க வேண்டியதை ஒரு தாளில் விவரமாக எழுதி, மஞ்சள் தடவி, பூசைக்கு உள்ளறைக்கு அனுப்ப வேண்டும். பிறகு அவர் வெளியே வந்து, தாள் கையில் இல்லாமலே அத்தனையும் சொல்வார்.

"நான் எழுதினதை ஒரு எழுத்து விடாம சொல்லிட்டாருடி" என்று நாகம்மா அக்கா வாயில் கைவைத்தாள். எழுதியதை அவளேதான் உள்ளே அனுப்பினாள். அது மறந்துவிட்டது. பக்தி முதலில் ஞாபகத்தைத்தான் காணிக்கையாகக் கேட்கும்.

இவ்வளவும் நடந்தது கலியாணசுந்தரம் கம்பெனி முதலாளி சாமிக்கு விட்டுக்கொடுத்த முன்னறையில். பின்னால் இருந்த ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சீதா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்குச் சரக்கு அடுக்கி வைக்க மூன்று கிட்டங்கிகள்: உஜோங் பாசிர், பண்டார் ஹிலிர், புக்கிட் ரம்பாய். சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. வந்தது, போனது எல்லாம் அன்றன்று அட்டையில் ஏற வேண்டும். ஏறியதா, எத்தனை அட்டை, எங்கே தடங்கல் என்று தினமும் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கேட்டு, மணி நிமிடத்தோடு பதிவேட்டில் எழுதுவது சீதாவின் வேலை. 'ஒன்பது ஏழு. உஜோங் பாசிர். ஐம்பத்திரண்டு அட்டை. கூரை ஒழுகி மூன்று நனைந்தது.' படித்தால் தூக்கம் வரும். ஆனால் நாலு வருடத்தில் ஒரு பொய் கிடையாது.

அந்த ஏட்டின்மேல் சாமியின் அருள் விழுந்தது. "சரஸ்வதி பூசைக்கு ஏட்டுக்குப் பொட்டு வைக்கிறோம். வருஷத்துக்கு ஒருநாள் வெச்சா போதுமா முதலாளி?" என்றார். முதலாளி உருகிவிட்டார். அன்றிலிருந்து ஒன்பதரைக்கு ஏடு உள்ளறைக்குப் போகும். பத்துக்குச் சந்தனம் குங்குமத்தோடு திரும்பும். பத்தேகாலுக்கு மையில் மூன்று கிட்டங்கியும் தெரியும்.

"உஜோங் பாசிர்... ஐம்பத்திரண்டு அட்டை... அடடா, மேல ஒழுகுது, மூணு நனையுது."

"பார்த்தியா சீதா," என்றார் முதலாளி. "அடுத்த மாசம் போனை எடுத்திரலாம்."

"போனை எடுத்தா நான் எதுல கேக்கிறது முதலாளி?"

"நீ ஏம்மா கேக்கணும்? அதான் சாமி பாக்கிறாரே." பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு நல்லதா ஒரு லெட்டர் எழுதித் தாரேன் லா" என்றார்.

சீதாவின் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். லெட்டரை வேகவைத்துச் சாப்பிட முடியாது. அவள் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். போன மாதம் காய்ச்சலில் அவள் வராத இரண்டு நாளும் பக்கம் காலி. அந்த இரண்டு நாளும் சாமி, "மையில் மேகம் மூடியிருக்கு" என்று சொல்லியிருந்தார். 'எனக்குக் காய்ச்சல் வந்தால் மைக்கு ஏன் பார்வை போகிறது?' என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை புக்கிட் ரம்பாய் கிராணி சுப்பையன், "எண்பத்து நாலு அட்டை, ஒரு குறையும் இல்ல" என்றான். சீதாவின் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு எழுதியது: 'ஒன்பது பதினாறு. புக்கிட் ரம்பாய். வேலை முடியவில்லை. வால் அறுந்த குரங்கு ஒன்று உள்ளே புகுந்து, பதினேழு அட்டையோடு அலமாரிமேல் உட்கார்ந்திருக்கிறது.'

ஏடு பொட்டு வைத்துக்கொள்ளப் போயிற்று.

பத்தேகாலுக்குச் சாமி வெற்றிலையை உற்றுப் பார்த்தார். "புக்கிட் ரம்பாய்... ஆஞ்சநேயா." கூட்டம் கழுத்தை நீட்டியது. "குரங்கு. வால்ல பாதி இல்ல. கையில பதினேழு அட்டை."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சீதா மட்டும் முன்னே வந்தாள்.

"இப்பவும் இருக்குதா சாமி?"

"என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுதும்மா."

"மூஞ்சி நல்லாத் தெரியுதா?"

"உன் மூஞ்சி தெரியிற மாதிரியே தெரியுது."

"முதலாளி, நீங்களே ஒரு போன் போடுங்க."

முதலாளி போட்டார். "சுப்பையா, அலமாரிமேல என்ன இருக்கு?"

"என் சோத்துத் தூக்கு இருக்கு முதலாளி."

"குரங்கு?"

"கிட்டங்கியில நான் ஒருத்தன்தான் இருக்கேன் முதலாளி. யாராச்சும் என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அட்டை எல்லாம்?"

"எண்பத்து நாலும் முடிஞ்சுதுன்னு காலையிலயே சீதாகிட்டச் சொல்லிட்டேனே."

முதலாளி ஏட்டைத் திறந்தார். குங்குமத்துக்குக் கீழே குரங்கு உட்கார்ந்திருந்தது.

"நான்தான் எழுதினேன்," என்றாள் சீதா. "நாலு வருஷத்தில ஒரே பொய். உள்ள போறப்ப ஏட்டில இருந்துச்சு. வெளிய வர்றப்ப மையில ஏறிக்கிச்சு."

"பொய் பட்டதால மை கலங்கிப் போச்சு" என்றார் சாமி.

"சரி, ஏட்டை விடுங்க. இதோ நாலடி தூரத்தில என் மேசை டிராயர். உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." உள்ளே இருந்தது ஒரு பிஸ்கட் டின்.

சாமி, வெற்றிலை வாடிவிட்டது, பாசாருக்குப் போய்ப் புதிதாக வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். இன்னும் நல்ல வெற்றிலை கிடைக்கவில்லை போலிருக்கிறது. உள்ளறையில் மஞ்சள் தாள்கள் ஒரு கூடை கிடந்தன. அத்தனையும் பிரித்துப் படித்தவை.

"போன் அடிச்ச சத்தத்தில குரங்கு ஓடியிருக்கலாம்ல?" என்றாள் நாகம்மா அக்கா. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

முதலாளி தொலைபேசியைத் தன் துண்டால் துடைத்து சீதாவின் மேசை நடுவில் வைத்தார். முதலாளிகள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். "நடந்ததை ஏட்டில எழுதிரும்மா" என்றார்.

அவள் குரங்கை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்:

'பத்து நாற்பது. காஜா பெராங். மை வேலை தோல்வி. காரணம்: நாம் எழுதியதை நமக்கே படித்துக் காட்டினார், நாம் கும்பிட்டோம். பழுதடைந்த பொருள்: மண்டை, சுமார் அறுபது. திருத்தம்: கும்பிடும் முன் ஒரு கேள்வி கேட்கவும்.'