டுரியான் கூலி

வழக்காடப் போகிற வக்கீல், அன்று காலை யார் காரில் ஏறி வந்தோம் என்பதை மறக்கக் கூடாது. நான் மறந்தேன்.

தனியாக நான் நடத்திய முதல் வழக்கு அது. பிறை நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரரைப் பாலிக் புலாவில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டார். ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. நான் காப்புறுதி நிறுவனத்தின் வக்கீல். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால் நிறுவனம் பொறுப்பல்ல என்று பாலிசியில் ஒரு விலக்கு விதி. அது செல்லுபடியானால் நஷ்ட ஈட்டுக்கு அண்ணன் கடையையே விற்க வேண்டும். (எனக்கு அதெல்லாம் எங்கே தோன்றியது? புதுக் கறுப்புக் கோட்டு கண்ணை மறைத்தது.)

"பக்கத்து வீட்டுக்காரர் சும்மாவா வந்தாரு?" என்று சாட்சிக் கூண்டில் நின்ற அண்ணனைக் கேட்டேன்.

"இறங்கும்போது ரெண்டு டுரியான் பழம் கொடுத்தாரும்மா. வேணாம்னா கோவிச்சுக்குவாரு லா."

விடுவேனா! டுரியான்தான் வாடகை என்று முழங்கினேன். நல்ல டுரியான் விலைக்கு டாக்சியிலேயே போயிருக்கலாம் என்றுகூடச் சொன்னேன்.

அண்ணனின் வக்கீல் தேவகி அக்கா மெல்ல எழுந்து, நீதிபதியை மரியாதையாக விளித்தார்.

"யாங் அரிஃப், இவங்க கார் பட்டறையில கிடக்கு. காலையில சிம்பாங் அம்பாட்லேர்ந்து என் கார்லதான் வந்தாங்க. வழியில எனக்கு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாங்க. இவங்க கணக்குப்படி, கடல் பாலத்துல வரும்போது என் காருக்கு இன்சூரன்ஸே இல்ல."

நீதிபதி என்னைப் பார்த்தார். "உண்மையா?"

"ஆமாம், யாங் அரிஃப். ஆனால் சின்னப் பொட்டலம்தான்."

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"விலக்கு விதியை இப்படி இழுத்து நீட்ட முடியாது," என்றார் நீதிபதி. "அக்கம்பக்கத்து மரியாதையும் வாடகைதான் என்றால், அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், விதியை எழுதியவருக்கு எதிராகத்தான் படிப்போம்."

அண்ணனின் கடை தப்பியது. உள்ளுக்குள் எனக்கும் நிம்மதிதான். கட்சிக்காரரிடம் அதைச் சொல்ல முடியுமா? அந்த நிறுவனம் பிறகு என் பக்கமே திரும்பவில்லை.

தீபாவளி விருந்துக்கு வந்த தேவகி அக்கா, கூடத்தில் நின்று மொத்த வழக்கையும் நடித்துக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மாமியார், நான் ஓட்டும் காரில் ஏறுமுன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார்.

"நல்லா பாத்துக்கம்மா. வெறுங்கையோடதான் வரேன்."